கரண்ட் பில்லில் ஒரு வரி கூட்டிப் போடுங்கள்: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு மில் நடத்துகிறேன். மிளகாய், மல்லி, அரிசிமா, குரக்கன், யாராவது கொண்டுவந்து தந்தால் கடலையும் அரைத்துக் கொடுப்பேன். 10 குதிரைவலு மோட்டர் ஒன்று, அதற்கு ஒரு பெல்ட், இரண்டு மெஷின், கூட ஒரு பையன், அவ்வளவுதான் என் தொழில். ஆகவே கரண்ட் என்பது எனக்கு லைட்டும் ஃபேனும் மட்டுமில்லை, அரிசியைப் போல அதுவும் ஒரு மூலப்பொருள். அரிசி எங்கிருந்து வருகிறது என்று மூட்டையைப் பார்த்தாலே சொல்வேன். மிளகாய் இந்தியாவா, உள்ளூரா என்று மூக்கே சொல்லிவிடும். மாதாமாதம் இவ்வளவு காசு கட்டி வாங்குகிற கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இவ்வளவு காலமாக எனக்குத் தெரியாது. பில்லில் போன மாத வாசிப்பு, இந்த மாத வாசிப்பு, அலகு, நிலையான கட்டணம், வரி எல்லாம் இருக்கிறது, மூன்று பாஷையிலும் இருக்கிறது, அது மட்டும் இல்லை. கட்டணத்தை அனுமதிக்கிற உங்களிடம் அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன்.

இந்த யோசனை எனக்குத் தானாக வரவில்லை. தங்கச்சி ஜேர்மனியில் இருக்கிறாள். கரண்ட் விலை ஏறிவிட்டது என்று புலம்பிக்கொண்டு தன் பில்லைப் படம் எடுத்து அனுப்பினாள், அவளுடைய பில்லைப் பார்த்து நான் ஆறுதல் அடையட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அதில் வட்டம் ஒன்று கீறி, துண்டு துண்டாகப் பிரித்து, காற்று இவ்வளவு, சூரியன் இவ்வளவு, நிலக்கரி இவ்வளவு, எரிவாயு இவ்வளவு, ஒரு அலகுக்கு இத்தனை கிராம் கரியமிலவாயு என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே அந்த நாட்டுச் சராசரியும் இருந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. சட்டப்படி போட்டே ஆக வேண்டுமாம். ஜேர்மனியும் ஒன்றும் புனிதர் நாடு இல்லை, பழுப்பு நிலக்கரியை இன்றைக்கும் வெட்டி எரிக்கிற ஆட்கள்தான். ஆனால் எரிப்பதை எரிக்கிறோம் என்று பில்லிலேயே எழுதுகிறார்கள்.

அப்புறம்தான் நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். ஒரு அலகு மின்சாரம் எடுக்கக் கிட்டத்தட்ட 400 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். கைக்கணக்குதான், நிலக்கரியின் தரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அந்த 400 கிராம் எரிந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரியமிலவாயு வரும் (எரித்ததைவிடப் புகை பாரம் கூட எப்படி என்று என் பையன் கேட்டான், காற்றில் இருக்கிற ஒட்சிசனும் சேர்கிறதே என்றேன், நம்பவில்லை). மிச்சமாக 40 கிராமுக்கு மேல் சாம்பல். என் மோட்டர் ஒரு மணித்தியாலம் முழுச் சுமையில் ஓடினால் ஏழரை அலகு, அதாவது முழுவதும் நிலக்கரிக் கரண்டாக இருந்தால் 3 கிலோ. நாட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு நிலக்கரி, ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். ஆகவே மணிக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மேல்மாடியில் இருக்கிற என் வீட்டுக்கு மாதம் 90 அலகு போகிறது. அதற்கு 12 கிலோ. நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சீமெந்துப் பை அளவு நிலக்கரியை எங்கள் வீட்டுக்காக யாரோ கொளுத்துகிறார்கள், நாங்கள் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

யாரோ என்ன யாரோ, இடம் தெரிந்த இடம்தான். நான் சைவக்காரன், ஆனாலும் கொட்டாஞ்சேனையில் பிறந்தவனுக்குத் தலவிலை அன்னம்மாள் கோயில் திருவிழா தப்பாது, பக்கத்து வீட்டார் வான் பிடித்தால் நானும் ஏறிவிடுவேன். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி றோட்டில் போகும்போது ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் கடல், நடுவில் சிவத்த மணலில் வெங்காயமும் மிளகாயும். கிணற்றுத் தண்ணீரைத் தூவிவிடுகிற குழாய் தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். நுரைச்சோலை வரும்போது தென்னை மரங்களுக்கு மேலே நிலக்கரி மின்நிலையத்தின் அந்தப் புகைக்கூண்டு தெரியும். முதல்முறை பார்த்தபோது வானில் இருந்த கிழவி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள், கோயில் கோபுரம் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் சிரித்தோம். திரும்பி வரும்போது வழியில் வெங்காயம் இரண்டு பிடி வாங்கினோம், கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துத் தா என்று பேரமும் பேசினோம். அந்த வெங்காயமும் கரண்டும் ஒரே ஊரிலிருந்துதான் கொழும்புக்கு வருகின்றன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த நிலையம் சும்மா வந்ததும் இல்லை. தலவிலைக் கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டாம், மீன்பிடி கெடும், தோட்டம் கெடும் என்று ஊராரும் கத்தோலிக்கத் திருச்சபையும் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். இடையில் கைவிட்டார்கள், பிறகு 2006இல் தொடங்கினார்கள். சீனக் கடன், சீனக் கொம்பனி கட்டியது. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரம், முதலாவது 2011இல் வந்தது, மற்ற இரண்டும் 2014இல். இன்னொன்று சம்பூரில் வருவதாக இருந்தது, இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட். 2006இல் இடம்பெயர்ந்து போன சனத்தின் மண் அது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2016இல் நிலக்கரி வேண்டாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இப்போது அங்கே சூரிய மின்சாரம் என்று 2025இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2021இல் இலங்கை இனிமேல் புதிதாக நிலக்கரி நிலையம் கட்டாது என்று உலகத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டும் விட்டது. நல்லது, சந்தோஷம். ஆனால் கட்டமாட்டோம் என்பது வேறு, கட்டியதை ஓட்டுவது வேறு. இருக்கிற மூன்றும் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன, அதை மூடு என்று கத்த நான் இந்த மடலை எழுதவில்லை. மூடினால் முதலில் மூடப்படுவது என் மில்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஏன் ஓடத்தான் வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் முகநூலில் இதைப் பற்றிப் பேசுகிற பாதிப்பேர் நிலக்கரி என்றாலே ஊழல் என்கிறார்கள், மிச்சப் பாதிப்பேர் மலிவு என்கிறார்கள், இரண்டு பக்கமும் கணக்கைக் காட்டுவதில்லை. லக்சபான நீர்மின்நிலையத்தில் 1950இல் தொடங்கி நெடுங்காலம் நாங்கள் தண்ணீரில்தான் வாழ்ந்தோம். மழை பெய்தால் கரண்ட், பெய்யாவிட்டால் இல்லை. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால் உள்ளே மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும், படம் எடுத்துப் போடுவார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் படம் வருகிற வருடம் நுரைச்சோலை மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற வருடம் என்று அர்த்தம். அதுவும் போதாவிட்டால் டீசலும் உலை எண்ணெயும், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இன்னொன்று, மில் வைத்திருக்கிறவனுக்கு லேசாக விளங்கும். பழைய மெஷினில் பெரிய இரும்புச் சில்லு ஒன்று இருக்கும். யாராவது அவசரக்குடுக்கை ஒரேயடியாக மிளகாயைக் கொட்டினாலும் மெஷின் திணறாது, சில்லின் பாரம் இழுத்துக்கொண்டு போகும். புதிய சின்ன மெஷினில் அந்தப் பாரம் இல்லை, உடனே நின்றுவிடும். நாடு முழுக்கக் கரண்டைக் கொண்டுபோகிற கம்பி வலைக்கும் அதே கதைதான். நுரைச்சோலையின் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிற பெரிய சில்லுகள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டது என்று அமைச்சர் சொன்னார், நாடு முழுக்க இருட்டாகிவிட்டது, உலகமே சிரித்தது. குரங்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அந்த ஞாயிறு மத்தியானம் பாவனை குறைவாக, கூரைச் சூரியன் நிறைய, பாரச் சில்லுகள் கொஞ்சமாக இருந்ததைப் பற்றிப் பேசினவர் குறைவு. அதைவிட, விழுந்த பிறகு நுரைச்சோலை எழும்ப நாட்கள் எடுத்தது. கொதிகலனை அடுப்பு மாதிரித் தட்டிப் பற்றவைக்க முடியாது, இரும்பு மெதுவாகச் சூடாக வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். அந்தக் கிழமை ஒன்றரை மணித்தியாலம் வீதம் கரண்ட் வெட்டினார்கள். 2020 ஆகஸ்டிலும் இதே கூத்துத்தான். பெரிய யானையை நம்பினால் யானை விழும்போது தூக்க ஆள் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் கூரையில் சூரியத் தகடு போட்ட ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற வாத்தியார். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வேண்டுகோள் விட்டது. அந்த மனுசன் கொதித்துப் போனார், வெயில் கொட்டுது, நான் நிறுத்தவேணுமாம், அங்கே கரியைக் கொளுத்துவாங்களாம் என்று. கோபம் சரி, ஆனால் காரணமும் இருக்கிறது. கொழும்பு காலியாகி, தொழிற்சாலை எல்லாம் மூடினால் பாவனை விழுந்துவிடும், நிலக்கரி இயந்திரத்தை ஒரு அளவுக்குக் கீழே இறக்க முடியாது, முழுதாக நிறுத்தினால் மாலை ஆறரைக்கு எல்லோரும் லைட்டையும் டிவியையும் போடும்போது அது எழும்பி நிற்காது. ஆகவே வெயிலை நிறுத்துகிறார்கள். இதற்கு மருந்து பேட்டரி, மேலே தண்ணீரை ஏற்றி வைத்து இரவில் இறக்குகிற முறை, இன்னும் என்னென்னவோ. அதைப் படித்தவர்கள் பார்க்கட்டும். என் கவலை, இந்தக் காரணத்தை வாத்தியாருக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான். ஒரு மில்காரன் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது, அதுவும் அரை குறையாக.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கரி முழுவதும் இறக்குமதி, டொலரில். மூன்று இயந்திரமும் முழு மூச்சாக ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 16 லட்சம் அலகு, என் 400 கிராம் கணக்குப்படி 8,600 தொன். 60,000 தொன் கப்பல் ஒன்று வந்தால் ஒரு கிழமைச் சாப்பாடு. அதுவும் நினைத்த நேரம் கொண்டுவர முடியாது. அங்கே பெரிய துறைமுகம் இல்லை, கப்பல் கரைக்கு அப்பால் கடலில் நிற்க, பாரப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கினால் கடல் விடாது. ஒக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் வருடம் முழுவதற்கும் வாங்கி, இறக்கி, குவித்து வைக்க வேண்டும். அதாவது வருடச் சாமானை ஆறு மாதத்தில் வாங்குகிற வீட்டுக்காரி மாதிரி. அந்த ஆறு மாதத்தில் விலை ஏறியிருந்தால் ஏறினதுதான். தொன் 100 டொலர் என்றால் ஒரு அலகுக்கு நிலக்கரிச் செலவு மட்டும் 4 அமெரிக்கச் சதம், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 12 ரூபாய். 2022இல் உக்ரைன் யுத்தத்தோடு உலகச் சந்தையில் தொன் 400 டொலரைத் தாண்டியது. அந்த விலையில் வாங்கினால் 48 ரூபாய். இதே அலகு, இதே லைட்.

அந்த வருடத்தை நான் மறக்கமாட்டேன். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல். அப்பமாவுக்கு ஊறப்போட்ட அரிசி, ஒரு இடியப்பக்காரம்மாவின் 20 கிலோ, கரண்டைப் பார்த்துப் பார்த்து நாறிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஆகஸ்டில் கட்டணம் 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். 2024 மார்ச்சில் 21.9 வீதம் குறைந்தது, ஜூலையில் 22.5 வீதம், 2025 ஜனவரியில் 20 வீதம், ஜூனில் மறுபடி 15 வீதம் ஏறியது. மாங்காய்த் தோப்பில் ஊஞ்சல் கட்டினது மாதிரி. ஒவ்வொரு முறையும் நான் ஒரு கிலோ மிளகாய் அரைக்கிற கூலியை மாற்ற வேண்டும், மாற்றினால் சனம் ஏன் என்று கேட்கும். கரண்ட் கூடிவிட்டது என்பேன். ஏன் கூடியது? மழை இல்லையா, நிலக்கரி விலையா, டொலரா, பழைய கடனா? எனக்குப் பதில் தெரியாது. ஒருமுறை ஒரு அலுவலகக் கவுண்டரில் கேட்டேன், நாங்கள் எரிக்கிறதில் எவ்வளவு நிலக்கரி என்று. எல்லாம் ஒரே வயரில்தானே வருது அண்ணே என்றான் அந்தத் தம்பி. பாவம், அவன் சொன்னதும் பொய்யில்லை.

தரம் என்று ஒன்றும் இருக்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை நிலக்கரிக் கேள்விப்பத்திரம் பற்றிப் பாராளுமன்றத்தில் சத்தம் வரும், பிறகு அடங்கும். கலோரி, சாம்பல், ஈரம் என்று பேசுவார்கள், சனம் கொட்டாவி விடும். இதை விளங்கிக்கொள்ள இஞ்சினியர் ஆக வேண்டியதில்லை. மிளகாயில் தண்ணீர் தெளித்து நிறுத்துத் தருகிற வியாபாரியை நான் பார்த்திருக்கிறேன். நிறை இருக்கும், தூள் இருக்காது, மெஷினும் அடைத்துக்கொள்ளும். ஈரமும் சாம்பலும் கூடின நிலக்கரியும் அப்படித்தான். தொன் கணக்குச் சரியாக இருக்கும், அலகு வராது, கொதிகலன் கெடும், வராத அலகுக்கு டீசல் எரிப்பார்கள், அதற்கும் நாங்களே கட்டுவோம். ஆகவே தொன் விலையை மட்டும் சொல்லாதீர்கள், அந்த நிலக்கரியில் ஒரு அலகு எவ்வளவு விழுந்தது என்று சொல்லுங்கள். எனக்கு மூட்டை விலை வேண்டாம், தூள் விலை வேண்டும்.

நுரைச்சோலைச் சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுக் காலத்தில் குவியலிலிருந்து கரித்தூள் பறக்கிறது, சாம்பல் தோட்டத்தில் விழுகிறது என்று அவர்கள் பல வருடமாக முறையிட்டு வருகிறார்கள், பத்திரிகையிலும் வந்திருக்கிறது. கடல் நிலக்கரி இறக்கவிடாத அதே தென்மேற்குக் காற்றுத்தான் தூளை ஊருக்குள் தள்ளுகிறது. அங்கே தமிழ் பேசுகிற முஸ்லிம்கள், 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள், தமிழ், சிங்களக் கத்தோலிக்கர், மீனவர், வெங்காயக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். காற்றில் தூசி எவ்வளவு, புகைக்கூண்டில் கந்தகம் எவ்வளவு, கிணற்றில் என்ன இருக்கிறது என்கிற அளவீடுகளைச் சந்தியில் ஒரு பலகையில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போட என்ன செலவாகும்? இது முழுக்க உங்கள் வேலை இல்லை, சுற்றாடல் அதிகார சபையின் வேலை என்பீர்கள். சரி, அவர்களோடும் பேசுங்கள். உங்களிடம் ஃபோன் இருக்கிறது, என் ஃபோனை அவர்கள் எடுக்கமாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பில்லில் ஒரு வரி. போன மாதம் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் நிலக்கரி இவ்வளவு வீதம், தண்ணீர் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, காற்றும் சூரியனும் இவ்வளவு. அதற்குக் கீழே, ஒவ்வொன்றிலும் ஒரு அலகுக்குச் சராசரிச் செலவு எத்தனை ரூபாய். முடிந்தால் கரியமிலவாயு எத்தனை கிராம். இதெல்லாம் இணையத்தில் தினமும் போடுகிறோமே என்பீர்கள். போடுகிறீர்கள், எனக்கும் தெரியும், தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், ஜிகாவாட் மணித்தியாலத்தில், வரைபடத்தில் இருக்கிறது. என் மில்லுக்கு வருகிற இடியப்பக்காரம்மா அதைப் போய்த் திறக்கப் போவதில்லை. பில்லை மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். இப்போது குறுஞ்செய்தியாகத்தான் பலருக்கு வருகிறது என்றால் அதிலேயே போடுங்கள், இன்னும் வசதி.

பில்லில் இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். நான் அளந்து பார்த்தேன், என் பில்லின் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருக்கிறது. சனம் குழம்பும் என்றும் சொல்லாதீர்கள். 2022இல் எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து அட்டவணை போட்டபோது அதை எட்டாம் வகுப்புப் படிக்காத கிழவியும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். தேவை என்றால் விளங்கும். நிலக்கரி கூடின மாதம் எது, மழை காப்பாற்றின மாதம் எது என்று தெரிந்தால், கட்டணம் ஏறும்போது சனம் திட்டுவது குறையாது, ஆனால் சரியான ஆளைத் திட்டும். அது உங்களுக்கும் நல்லதுதானே.

கட்டண மீளாய்வு வரும்போதெல்லாம் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறீர்கள். அடுத்த முறை நானும் வருகிறேன், பெயர் பதிந்து, எனக்குத் தருகிற சில நிமிடத்தில் இதையே சொல்வேன். மாதிரிக்கு ஒரு பில்லில் அந்த வரியை நானே பேனையால் எழுதி வைத்திருக்கிறேன், இலக்கங்களுக்கான இடத்தை வெறுமையாக விட்டு. அதையும் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமை மில் பூட்டு. மற்ற நாளில் வைத்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஊறப்போட்ட அரிசியோடு சனம் காத்திருக்கும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் மா மில் நடத்தும் ஒருவன்